வாக்குரிமையும் அடையாள அட்டையும்

குடியாட்சிக்கு உயிர்நாடி வாக்குரிமை. ஆயினும், உரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருப்பது வேறு; உரியவர் வாக்குச் சாவடிக்குட் சென்று அதனைப் பயன்படுத்துவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வாயில் உண்டு. “நீர் யார்?” என்பது அங்கே எழும் வினா. அதற்கு வாய்ச்சொல் விடையாகாது. எழுத்துச் சான்று வேண்டும். அச்சான்று ஒரு சமுதாயத்தின் வாழ்வையே எவ்வாறு தீர்மானித்தது என்பதற்கு மாத்தளை மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளரின் வரலாறு தக்க எடுத்துக்காட்டாகும்.

மாத்தளை, மலையகத்தின் பழைய தலைவாயில். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியாக நடந்தே இந்நகரை அடைந்தனர். வழியிலே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் பலர். அவ்வருகையின் இருநூறாண்டு நிறைவை முன்னிட்டு 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டதும் இவ்வழியை நினைந்தேயாகும்.

1931இல் இலங்கையருக்குச் சர்வசன வாக்குரிமை கிட்டியது. தோட்டத் தொழிலாளரும் அதிற் பங்கு பெற்றனர். ஆனால் இந்நாட்டில் நிலையாக வாழ்பவர் என்பதைக் காட்டவேண்டிய நிபந்தனை அவர்களுக்கு இருந்தது. நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் பிறந்தது. ஒருவர் இலங்கையிற் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவருடைய தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இத்தீவிற் பிறந்தவர் என நிறுவுதல் வேண்டும் என்றது அச்சட்டம். லயத்து அறையிற் பிறந்து, எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாத ஒரு தந்தைக்குச் சான்றினை எங்கே தேடுவது?

1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கித்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் வேறொரு வழி காட்டியது. 1946 சனவரி முதலாம் நாளுக்கு முன் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இங்கு வாழ்ந்ததை மெய்ப்பித்தல் வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பொருட்டு விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேரே. அதே 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, குடிகள் அல்லாதார் பெயர்கள் வாக்காளர் இடாப்பினின்றும் நீங்கின. வாக்களித்துப் பழகிய கைகள் 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே வாளாவிருந்தன.

பின்னர் 1964இலும் 1974இலும் இலங்கையும் இந்தியாவும் செய்த உடன்படிக்கைகள் அம்மக்களை எண்ணிக்கையாற் பங்கிட்டன. 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் துயரைக் குறைத்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்கும் வழி திறந்தது. இன்று அம்மக்கள் இந்நாட்டின் குடிகள். ஆயினும், வாக்குச் சாவடி வாயிலில் எழும் வினா மறையவில்லை.

ஆள்மாறாட்டத்தைத் தடுக்கும் பொருட்டு, 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வாக்காளர் அடையாளச் சான்று காட்டுதல் கட்டாயமாயிற்று. பிறர் பெயரில் வாக்களிப்பதைத் தடுப்பது ஏழையின் வாக்கையும் காப்பதே. அந்நோக்கத்திற் குறை காண இயலாது. தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப் பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை முதலியன ஏற்கப்படுகின்றன. ஆனால் தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கடவுச்சீட்டும் சாரதிப் பத்திரமும் ஏது? பெரும்பாலும் அவளுக்கு உற்ற துணை தேசிய அடையாள அட்டை ஒன்றே.

அவ்வட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்பு உரிய காலத்திற் பதியப்படாவிடின், காலங்கடந்த பதிவுக்கு அலைதல் வேண்டும். தமிழ்ப் பெயரைப் பதிவேட்டில் ஒருவாறும் பள்ளியில் வேறொருவாறும் எழுதிவிட்டால், அதனைத் திருத்தவும் அலைதல் வேண்டும். விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தரோ, பாடசாலை அதிபரோ, தோட்ட அதிகாரியோ உறுதிப்படுத்துவர். ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பகுதி மலைத் தோட்டங்களிலிருந்து அலுவலகம் சென்று திரும்ப ஒரு நாள் கழியும். அன்றைய கூலியும் கழியும். லயங்களுக்குத் தனி முகவரி இன்மையால் தபால் தோட்ட அலுவலகத்திலே தங்கிவிடுவதும் உண்டு.

இங்கு இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். தபாலில் வரும் வாக்காளர் அட்டை அடையாளச் சான்று ஆகாது. அது வாக்களிக்கும் இடத்தை அறிவிப்பது மட்டுமே. அது கிட்டாமற் போயினும், பெயர் இடாப்பில் இருந்து, அடையாளச் சான்றும் கையில் இருந்தால் வாக்களிக்கலாம். ஏற்கத்தக்க சான்று எதுவும் இல்லாதவர், கிராம உத்தியோகத்தர் வாயிலாகத் தேர்தல் அலுவலகத்தில் தற்காலிக அடையாள அட்டை பெறலாம். ஆனால் அதற்கு இறுதி நாள் உண்டு. வாக்களிப்பு நாளன்று கேட்பவருக்கு அது கிடைப்பதில்லை.

ஆகவே, வாக்குரிமையைக் காக்கும் வேலை தேர்தல் மேடையிலே தொடங்குவதன்று. குழந்தை பிறந்தவுடன் பிறப்பைப் பதிவதிலும், பெயரைப் பிழையின்றி எழுதுவிப்பதிலும், மாணவர்க்கு உரிய வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதிலும், இடாப்புத் திருத்தப்படும்போது வீட்டார் அனைவரின் பெயரும் உண்டா எனப் பார்ப்பதிலுமே அது தொடங்குகிறது. பெற்றோரும் ஆசிரியரும் தொழிற்சங்கத்தாரும் இதனைத் தம் கடனாகக் கொள்ளல் நன்று. பாட்டனார் காலத்திற் காட்டுதற்குச் சான்று இல்லாமையால் இழந்த உரிமையைப் பேரப்பிள்ளைகள் ஓர் அட்டை இல்லாமையால் மீண்டும் இழத்தலாகாது.