நிழலுக்கு அஞ்சிய குதிரை

அடங்காத குதிரையைக் கண்டால் ‘முரடு’ என்று சொல்லிவிடுகிறோம். அது முரடா, அச்சமா என்று நின்று பார்ப்போர் சிலரே.

மக்கெதோனிய மன்னன் பிலிப்பிடம் 13 தாலந்து விலை கூறிக் கொண்டுவரப்பட்ட புசெபாலஸ் என்னும் குதிரை எவரையும் ஏறவிடவில்லை. அதனை அப்புறப்படுத்துமாறு மன்னன் ஆணையிட்டான். சிறுவனான அவன் மகன் அலெக்சாந்தரோ, தோற்றால் விலையைத் தானே தருவதாகப் பந்தயம் கட்டினான். கூடியிருந்தோர் நகைத்தனர்.

முன்னே ஆடிய தன் நிழலைக் கண்டே குதிரை மிரள்வதை அவன் கவனித்திருந்தான். கடிவாளத்தைப் பற்றி அதனைக் கதிரவன் பக்கம் திருப்பினான். நிழல் பின்னே போயிற்று. தடவிக்கொடுத்தவாறு சற்றுத் தூரம் உடன் ஓடினான். மேலங்கியை ஓசையின்றி நழுவவிட்டுத் தாவி ஏறினான். அங்கவடி இல்லாத காலம் அது. அடிக்கவில்லை, வாய் நோக இழுக்கவுமில்லை. அச்சம் தெளிந்த பின்னரே விரைந்தோட விட்டான். இவ்வாறு எழுதும் புளூட்டார்க் நானூறு ஆண்டுகளுக்குப் பிற்பட்டவர். ஆயினும் குதிரையின் இயல்புக்கு இது முற்றும் பொருந்துகிறது.

குதிரை வேட்டையாடும் விலங்கன்று, வேட்டையாடப்படும் விலங்கு. பக்கவாட்டில் அமைந்த கண்களால் ஏறத்தாழ நாற்புறமும் காணும். அசைவது எதுவாயினும் முதலில் ஓடவே எண்ணும். மிரளும்போது அடித்தால், மிரட்டிய பொருளே வலியையும் தருவதாக அது கருதிவிடும் என்று கிரேக்கரான செனோபன் அந்நூற்றாண்டிலேயே எழுதியுள்ளார்.

“சொன்னபடி கேட்பதே இல்லை, சாமி!” என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வரும் பெற்றோரைக் காணுந்தோறும் இக்குதிரை நம் நினைவுக்கு வருகிறது. மறைக்கல்வி வகுப்பில் நாமும் பிரம்பை நம்பிய காலம் உண்டு. வாய் திறவாதிருந்த மாணவனை அடங்காதவன் என்று தண்டித்தோம். அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே தெரியாது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

பிலிப்பு அன்று மகிழ்ச்சிக் கண்ணீர் வடித்தான். வற்புறுத்தலுக்கு வளையாத மகன் நியாயத்துக்கு இணங்குவான் எனக் கண்டு, கட்டளையைக் குறைத்து, அறிவுறுத்தலை நாடினான். அரிஸ்டாட்டிலை ஆசிரியராக அழைத்தான்.

அதே அலெக்சாந்தர், பிற்காலத்தில் இக்குதிரை களவு போனபோது, திருப்பித் தராவிடில் பெண்டு பிள்ளைகளுடன் அனைவரையும் வெட்டுவதாக அச்சுறுத்தினான். குதிரையிடம் காட்டிய பொறுமை மனிதரிடம் இல்லை! கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றுப் போருக்குப் பின் புசெபாலஸ் இறந்தது. ஆற்றங்கரையில் அதன் பெயரால் ஒரு நகரை அவன் நிறுவினான்.