காய்ச்சல் இல்லையென்றால் நியூமோனியா இல்லையா?

"காய்ச்சல் இல்லை சேர், சளி மட்டும்தான்." மழைக்காலத்தில் பெற்றோர் என்னிடம் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன் என்ற வகையில் இதுபற்றிச் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

நியூமோனியாவின்போது உடலைச் சுடவைப்பது பெரும்பாலும் எமது உடலின் எதிர்ப்புத்தான். நுரையீரலின் சிற்றறைகளுக்குள் பற்றீரியா புகுந்ததும் அங்குள்ள காவற்கலங்கள் இரசாயனச் சமிக்ஞைகளை அனுப்புகின்றன. குருதிக் குழாய்கள் விரிந்து, திரவமும் வெண்குருதிக் கலங்களும் சிற்றறைகளுக்குள் கசிகின்றன. இதுவே அழற்சி. இது இல்லாமல் கிருமியை வெல்ல முடியாது. ஆனால் காற்று இருக்கவேண்டிய இடத்தைத் திரவம் பிடித்துக்கொள்வதால் குருதிக்கு ஒட்சிசன் குறைகிறது, மூச்சு வாங்குகிறது.

எனவே காய்ச்சலை மட்டும் அளவுகோலாகக் கொள்ளக்கூடாது. வயோதிபர்களுக்கு இந்த எதிர்ப்பு பலவீனமாக இருப்பதால் காய்ச்சல் வராமலே போகலாம். திடீர்க் குழப்பம், உணவில் விருப்பமின்மை, வேகமான மூச்சு என்பனவே அடையாளமாக இருக்கலாம். சளி, இருமலுள்ள பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். 2 முதல் 11 மாதம் வரையான குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். இது உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு.

கிருமி அழிந்த பின்னரும் அழற்சி முழுமையாக அடங்கச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை இருமல் இருக்கும். அதற்காக பாமசியில் வேறு நுண்ணுயிர்கொல்லி வாங்குவதும், காய்ச்சல் விட்டதும் மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் தவறு.

அழற்சியைக் குறைக்கும் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் குளிசைகளை வைத்தியரிடம் கேட்காமல் விழுங்குவது இன்னும் ஆபத்தானது. பிரான்ஸில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், ஹைட்ரோகோர்டிசோன் மரணங்களைக் குறைத்தது உண்மை. ஆனால் அவர்கள் நுண்ணுயிர்கொல்லியும் பெற்று, வைத்தியர்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள். வீட்டில் அதே வகை மருந்து காய்ச்சலை மறைக்கும்; எதிர்ப்பைத் தளர்த்தும்; கிருமி பெருகும்.

உதடு நீலித்தால், பேச முடியாமல் மூச்சு வாங்கினால் காலைவரை காத்திருக்க வேண்டாம். 1990 இலவச அம்பியூலன்ஸை அழையுங்கள்.