உங்களுக்குத் தெரியுமா? மதுரைச் சீமையின் வளரி

மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் பொட்டல்களில் மான், முயல் வேட்டைக்கு ஒரு காலத்தில் துப்பாக்கி தேவைப்படவில்லை. வளரி போதும். பிறைபோல் வளைந்த மரத்தடி அது. இரும்பிலும் தந்தத்திலும் செய்ததுண்டு. ஒரு முனை கனமாக இருக்கும். மெலிந்த முனையைப் பிடித்து, ஓடும் விலங்கைக் குறிவைத்துச் சுழற்றி வீசுவார்கள்.

இதை எறியத் தமக்குக் கற்றுத் தந்தவர் சிவகங்கையை ஆண்ட சின்ன மருது என்று கிழக்கிந்தியக் கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கைதேர்ந்தவர் வீசினால் 100 கெஜத்துக்குள் குறி தப்பாதாம். அதே வெல்ஷ் 1801இல் மருதுவை எதிர்த்துப் போரிட்ட படையில் இருந்தார் என்பதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. கள்ளர் திருமணங்களில் இரு வீட்டாரும் வளரி மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909இல் பதிவு செய்தார். ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் வளரிகளைக் காணலாம்.

வளரி வீசி வேட்டையாடிய காலம் போய்விட்டது. இன்று தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் தனியார் பண்ணைகளில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி இம்பாலா, கூடு மான்களைச் சுடலாம். இங்கே எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் நடக்காது: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, திருவிழாவையொட்டிய முயல் வேட்டைகூடக் குற்றம். நம் மண்ணின் வெளிமான் டெக்சாஸ் பண்ணைகளில் வேட்டைப் பொருளாகிவிட்டது. தென் தமிழகத்தில் அது துள்ளி ஓடுவதைப் பார்க்க, தூத்துக்குடி மாவட்டத்தின் வல்லநாடு சரணாலயத்துக்குப் போங்கள்.