குளிசைக்கும் ஒரு வரவு செலவு

சென்ற மாதம் வானொலியில் நான் சொன்ன குளிசைக் கணக்கை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். நான் வைத்தியன் அல்லன். வர்த்தகம் படித்து, பிறருடைய வரவு செலவு பார்த்துப் பிழைப்பவன்.

எண்பதை நெருங்கும் என் அம்மா முழங்கால் நோவுக்கு இரண்டு பனடோல் போட்டார். ஒரு மணித்தியாலத்தில், "மருந்து கேட்கேல்லைத் தம்பி" என்று இன்னும் இரண்டு. அதற்கு முன்பே தடிமனுக்கு வேறொரு குளிசை. அதன் பெட்டியிலும் பரசிற்றமோல் என்றே இருந்தது. நஞ்சுத் தகவல் நிலையத்துக்கு எடுத்தோம். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டார்கள். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்றிரவு நித்திரையில்லை.

அப்போது மகனின் கணிதப் புத்தகத்தில் விகிதமுறு சார்பு என்ற பாடம் கண்ணில் பட்டது. அதிலுள்ளது போன்ற ஒரு கணக்கு: கழிந்த மணித்தியாலங்களை 20 ஆல் பெருக்குங்கள். அதே மணித்தியாலங்களின் வர்க்கத்தோடு 4 ஐக் கூட்டி, அதனால் வகுங்கள். வருவது குருதியில் மருந்தின் செறிவு. 1 மணியில் 4 அலகு, 2 மணியில் 5, 4 மணியில் திரும்பவும் 4, 8 மணியில் 2.35. தொடக்கத்தில் மேலேயுள்ள தொகுதி முந்துகிறது. பிறகு வர்க்கம் பெருகப் பெருகக் கீழேயுள்ள பகுதி அதை விழுங்கிவிடுகிறது. குடலிலிருந்து வரவு, ஈரலும் சிறுநீரகமும் செய்யும் செலவு.

இனி அம்மாவின் கணக்கு. முதல் மருந்துக்கு ஒரு மணித்தியாலம் கழித்து அதே அளவு இரண்டாவது. மூன்றாம் மணியில் முதலாவது 4.6, இரண்டாவது 5, மொத்தம் 9.6. ஒரு தடவை மட்டும் போட்டிருந்தால் உச்சமே 5 தான். தடிமன் குளிசையை நான் இன்னும் கூட்டவில்லை.

இந்தச் சூத்திரம் ஒரு மாதிரிதான். இதன்படி 24 மணித்தியாலம் கழித்தும் 0.83 மிஞ்சும். உண்மையில் பரசிற்றமோல் ஏறக்குறைய இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. ஒரு நாளில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அளவு மிஞ்சினால் ஈரல் கெடும், அதுவும் முதல் நாளில் வெளியே தெரியாமலே.

அவுஸ்திரேலியாவில் பெட்டியில் எழுதியிருப்பது: வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்று அல்லது இரண்டு, 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் 8க்கு மேல் கூடாது. சிறுபிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்துத்தான். தவறினால் 13 11 26. எங்கள் வீட்டில் இப்போது குளிசைப் பெட்டியோடு ஒரு கொப்பியும் பேனையும் இருக்கிறது. அம்மா நேரத்தை எழுதுகிறார், எனக்கு ஏச்சும் தருகிறார்.