பிடியும் களமும் – 6: யாரும் தட்டாவிட்டால்?

2004இல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த ஜியு-ஜிட்சு உலக சாம்பியன்ஷிப். எடை வரம்பில்லாத பிரிவின் இறுதிப் போட்டியில் ரோஜர் கிரேசி, ஜாகரே சோசாவின் கையைத் தன் தொடைகளுக்கு நடுவே மாட்டி முழங்கையை எதிர்ப்பக்கமாக வளைத்துவிட்டார். மூட்டு போய்விட்டது. ஆனாலும் ஜாகரே தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டவில்லை. பிடியிலிருந்து தப்பி எழுந்தவர், தொங்கிய கையை இடுப்புப் பட்டைக்குள் செருகிக்கொண்டு மிச்ச நேரத்தைக் கடத்தினார். புள்ளிக் கணக்கில் அவர்தான் முன்னிலையில் இருந்தார். நேரம் முடிந்தது, பட்டம் அவருக்குப் போனது.

ஜாகரேயின் நெஞ்சுரத்துக்குத் தலைவணங்குகிறேன். விதிப்படி தீர்ப்பும் சரிதான். ஆனால் கையை முறித்தவர் தோற்றார் என்பதை என் மனம் இன்றுவரை ஏற்கவில்லை.

சென்ற வாரம் பிடிகளைப் பார்த்தோம். பிடி இறுகியதும் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ தட்டினால் ஆட்டம் முடிந்தது. கைகள் மாட்டிக்கொண்டால் காலால் தட்டலாம், வாயால் சொல்லியும் விடலாம். இதில் குழப்பமே இல்லை. நேரம் முடியும்வரை ஒருவருமே தட்டாத ஆட்டத்தை என்ன செய்வது என்பதில்தான் போட்டிக்குப் போட்டி விதி மாறுகிறது.

1998இல் அபுதாபியில் ஷேக் தஹ்னூன் பின் சயீத் தொடங்கிய ஏ.டி.சி.சி. போட்டி கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. இறுதிக்கு முந்தைய ஆட்டங்கள் 10 நிமிடம். முதல் பாதியில் எதற்கும் புள்ளி கிடையாது. எதிராளியைக் கீழே தள்ளினாலும் முதுகில் ஏறினாலும் பலகையில் எண் மாறாது. ஆகவே தோற்றுவிடுவோமோ என்ற பயமில்லாமல் துணிந்து பிடி போடலாம். இரண்டாம் பாதியில் கணக்கு தொடங்கும். அப்போது, கீழேயிருந்து ஆடலாம் என்று தானாகவே தரையில் உட்காருபவருக்கு ஒரு புள்ளி கழியும். மல்யுத்தம், ஜூடோ, ஜியு-ஜிட்சு என எங்கிருந்து வந்தவரும் ஒரே களத்தில் மோத வேண்டும் என்பதே நோக்கம் என்பதால், நிற்கத் தெரியாதவருக்குச் சலுகை இல்லை.

2012இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய மெட்டமோரிஸ், புள்ளியே வேண்டாம் என்றது. 20 நிமிடத்துக்குள் தட்ட வைக்க வேண்டும், முடியாவிட்டால் டிரா. கேட்க அழகாகத்தான் இருந்தது. 2014 மார்ச்சில் அங்கே எடி பிராவோவும் ராய்லர் கிரேசியும் மோதினார்கள். 2003 ஏ.டி.சி.சி.யில், அதற்கு முன் மூன்று முறை பட்டம் வென்றிருந்த ராய்லரைக் காலால் கழுத்தை நெரித்துத் தட்ட வைத்தவர் பிராவோ. இந்த முறையும் ராய்லரின் கால்களைப் பிளந்து, கெண்டைக்கால் தசையை நசுக்கி, ஆட்டத்தைத் தன் பிடியில் வைத்திருந்தார். 48 வயது ராய்லர் பல்லைக் கடித்துத் தாங்கினார், தட்டவே இல்லை. முடிவு: டிரா. தாங்கினாலே போதும் என்றால், தாக்கவே வராதவருக்கும் அதே டிரா கிடைத்துவிடுமே!

அதே ஆண்டு ஜூனில் பிராவோ தன் பெயரிலேயே இ.பி.ஐ. போட்டியைத் தொடங்கினார். 16 பேர், ஒரே இரவு, 10 நிமிட ஆட்டம், புள்ளி கிடையாது, டிராவும் கிடையாது. யாரும் தட்டவில்லை என்றால் கூடுதல் சுற்று. தாக்குபவர் எதிராளியின் முதுகில் ஒட்டிக்கொண்டோ, கையை முறிக்கும் நிலையில் பிடித்துக்கொண்டோ தொடங்குவார். நடுவர் சொன்னதும் ஒருவர் இறுக்க வேண்டும், மற்றவர் தப்ப வேண்டும். பிறகு இடம் மாறும். இப்படி மூன்று சுற்று வரை போகும். அதிலும் தீராவிட்டால், மொத்தத்தில் விரைவாகத் தப்பியவருக்கு வெற்றி.

பார்ப்பவருக்கு இது விருந்து. ஆனால், சிரமப்பட்டு ஒருவர் முதுகைப் பிடிப்பதுதான் இந்தக் கலையின் பாதி வித்தை. கூடுதல் சுற்றோ அந்த இடத்தை இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. முதல் 10 நிமிடத்தைத் தற்காத்தே ஓட்டிவிட்டு, கூடுதல் சுற்றுக்காக மட்டுமே தயாராகி வரவும் ஒருவருக்கு இங்கே வழி இருக்கிறது.

2024 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் ஏ.டி.சி.சி. நடந்த அதே வார இறுதியில், அதே ஊரில் ஜியு-ஜிட்சு வீரர் கிரெய்க் ஜோன்ஸ் தனிப் போட்டி ஒன்றை நடத்தினார். ஏ.டி.சி.சி. பட்டம் வென்றவருக்கு 10,000 டாலர் என்றால், இவர் கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் 10,001 டாலர் கொடுத்தார். இரண்டு ஆண்கள் பிரிவுகளிலும் வென்றவருக்குத் தலா 10 லட்சம் டாலர். களம் ஒரு பள்ளம். சரிந்த சுவர்கள். பாய் விளிம்புக்கு நழுவி, 'வெளியே போய்விட்டேன்' என்று தப்பும் பழைய வழி இதில் அடைபட்டது. ஐந்து நிமிடச் சுற்றுகள், குத்துச்சண்டையைப் போல ஒவ்வொரு சுற்றுக்கும் நீதிபதிகளின் மதிப்பெண். ஓடியவரையும் துரத்தியவரையும் பிரித்துப் பார்க்க அவர்கள் இருந்தார்கள். நீதிபதிகளின் கண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது தனிச் சண்டை. ஆனாலும் கையைப் பட்டைக்குள் செருகிக்கொண்டு நேரம் கடத்துபவருக்கு அந்தப் பள்ளத்தில் கடைசிச் சுற்று கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

(தொடரும்)