மின்சார சைக்கிள்: கையெழுத்துப் போடும் முன் ஓட்டிப் பாருங்கள்

நம் ஊரில் 'எலக்ட்ரிக் பைக்' என்றால் ஸ்கூட்டர்தான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் வேலை பார்க்கும் மகனோ மருமகளோ "ஆபீஸில் இ-பைக் தருகிறார்கள், எடுக்கட்டுமா?" என்று போனில் கேட்டால், அவர்கள் சொல்வது வேறு. அது பெடலை மிதித்தால் நகரும் சைக்கிள். மிதிப்பவருக்குச் சிறிய மோட்டார் ஒன்று துணை நிற்கிறது. அந்நாட்டுச் சட்டப்படி மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டைத் தாண்டக் கூடாது. மணிக்கு 15.5 மைல், அதாவது சுமார் 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும் மோட்டார் உதவியை நிறுத்திவிட வேண்டும். இந்த வரம்புக்குள் இருந்தால் 14 வயது நிரம்பிய எவரும் ஓட்டலாம்; லைசென்ஸ், பதிவு, சாலை வரி எதுவும் தேவையில்லை.

விலைதான் இடிக்கும். ஓரளவு நல்ல வண்டியே ஆயிரம் பவுண்டைத் தாண்டிவிடும். ஆகவே சில முதலாளிகள் சில வாரங்களுக்கு இரவலாகக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். பிரைட்டன் நகரில் இரண்டு பெரிய நிறுவனங்களின் ஊழியர்கள் 80 பேருக்கு 6 முதல் 8 வாரங்கள் இப்படிக் கொடுத்தார்கள். மேடும் பள்ளமுமான கடற்கரை ஊர் அது. 2017இல் வெளியான அதன் ஆய்வு முடிவுகளின்படி, முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது ஓட்டினார்கள். எல்லோருடைய கார் பயணத் தூரத்தையும் சேர்த்துப் பார்த்தால் 20 சதவீதம் குறைந்திருந்தது.

இந்தச் சதவீதத்தைவிட, அந்த வாரங்களில் ஒருவர் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்வதே முக்கியம். இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை மூன்றாம் மாடிக்குத் தூக்க முடியுமா? மழைக்கால மாலை இருட்டில் அந்தச் சாலையில் போகத் துணிவு வருமா? அபாயா அணியும் சகோதரிகளுக்குக் குறுக்குக் கம்பி தாழ்ந்த வண்டியும், துணி சிக்காதபடி சங்கிலிக்கு மூடியும் வேண்டும். இதையெல்லாம் கடையில் ஐந்து நிமிடம் ஏறி இறங்கிப் பார்த்தால் தெரியாது.

இரவல் இல்லாத இடங்களில் நேரடியாக வருவது 'சைக்கிள் டு வொர்க்' திட்டம். 1999ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் வந்த வரிச்சலுகை இது. முதலாளி சைக்கிளை வாங்கி ஊழியருக்கு வாடகைக்கு விடுகிறார். வரி பிடிக்கும் முன்பே வாடகை சம்பளத்தில் கழிக்கப்படுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,800 பவுண்டு வண்டிக்கு மாதம் 150 பவுண்டு வீதம் 12 மாத வாடகை. வருமான வரி 20, தேசியக் காப்பீடு 8 என்று 28 சதவீதம் மிச்சமாகும் ஒருவருக்கு மாதம் 108 பவுண்டுதான் கையைக் கடிக்கும், மொத்தம் 1,296. இதோடு முடிந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வண்டி இன்னும் முதலாளியுடையது. ஓராண்டு முடிந்ததும் சொந்தமாக்கிக்கொள்ள விரும்பினால், வருவாய்த் துறையின் எளிய அட்டவணைப்படி அதன் மதிப்பு ஆரம்ப விலையில் 25 சதவீதம், அதாவது 450 பவுண்டு. கூட்டினால் 1,746. மிச்சம் ஐம்பத்து நான்கே பவுண்டு! வாடகைக் காலத்தை நீட்டித்து நான்காண்டு முடிவில் வாங்கினால் மதிப்பு 7 சதவீதமாகக் குறையும். அப்போதுதான் இலாபம் கண்ணுக்குத் தெரியும். நீட்டிப்புக்குக் கட்டணம் உண்டா என்பதை முதலிலேயே கேளுங்கள். குழந்தையை எதிர்பார்க்கும் சகோதரிகள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: சம்பளம் குறைத்துக் காட்டப்படுவதால் மகப்பேறு கால ஊதியமும் குறையக்கூடும்.

"இதில் வட்டி இருக்கிறதா?" என்பது நம் குடும்பங்களில் எழும் அடுத்த கேள்வி. பொருளைத் தன் உடைமையில் வைத்துக்கொண்டு அதன் பயனை விற்பது இஜாரா, அது ஆகுமானது. வாடகையையும் விற்பனையையும் ஒரே ஒப்பந்தத்தில் பிணைப்பதைத்தான் ஃபிக்ஹ் ஏற்பதில்லை. பிரிட்டிஷ் வரி விதியும், இறுதியில் வண்டி உனக்கே என்று தொடக்கத்திலேயே வாக்குறுதி தரக் கூடாது என்கிறது. காரணம் வேறென்றாலும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆனால் தாமதக் கட்டணம் போன்றவை ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். தாளைப் படிக்காமல் பொதுவாக ஃபத்வா கேட்பதில் பயனில்லை.

இரவல் வண்டிக்குச் சட்டம் வேறு. ஆரிய்யத் எனப்படும் இரவல் பொருள் தொலைந்துபோனால், அலட்சியம் இல்லாவிட்டாலும் வாங்கியவரே பொறுப்பு என்பது ஷாஃபிஈ மத்ஹப். அது அமானிதம், அலட்சியம் செய்திருந்தால் மட்டுமே பொறுப்பு என்பது ஹனஃபி மத்ஹப். எனவே திருட்டுக்கு யார் காப்பீடு செய்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பேட்டரியும் அப்படித்தான். இலித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் புகை நிமிடங்களில் வீட்டை நிறைத்துவிடும். உரிய சார்ஜரையே பயன்படுத்துங்கள். தூங்கும்போதும், வெளியேறும் வழியான நடையிலும் சார்ஜ் போடாதீர்கள்.

சம்பளத்தில் கழிக்கும் முறையில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கழித்த பின் மிஞ்சும் சம்பளம் தேசியக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது. இது தொழிலாளியைக் காக்க வந்த விதி. ஆனால் அதனாலேயே துப்புரவுப் பணியாளரும் உணவக ஊழியரும் திட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். முதல் பஸ் வருமுன் அதிகாலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள் இவர்கள்தானே? அலுவலக மேலாளருக்குச் சலுகை, அவர் மேசையைத் துடைப்பவருக்கு இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

ஆனால் சம்பளத்தைத் தொடாமல், முதலாளி சொந்தச் செலவில் சைக்கிள் வாங்கி ஊழியர்களுக்கு இலவசமாக இரவல் தந்தாலும் அதே வரிச்சலுகை உண்டு. ஊழியர் எல்லோருக்கும் அது பொதுவாகக் கிடைக்க வேண்டும். பயன்பாட்டில் பாதிக்கு மேல் வேலைக்கான பயணமாக இருக்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியச் சிக்கல் இதில் எழாது. உணவகமோ கடையோ நடத்தும் நம் சகோதரர்கள் இரண்டு வண்டிகளை வாங்கி நிறுத்தி, ஊழியர்கள் முறை வைத்து எடுத்துச் செல்லவிடலாம். சொந்தக் கடை இல்லாதவர்கள், தாம் வேலை செய்யும் இடத்தின் மனிதவளப் பிரிவில் இந்த இலவச இரவல் வழியைக் குறிப்பிட்டுக் கேட்டுப் பார்க்கலாம்.