காலடித் தடமும் அதன் எல்லையும்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்து ஊர்களில், வாழைத்தோட்டத்து ஈரமண்ணிலோ வண்டிப்பாதைப் புழுதியிலோ பெரிய தடம் ஒன்று தென்பட்டால், அது சிறுத்தையினுடையது என்ற பேச்சு வெயில் ஏறுவதற்குள் ஊர் முழுதும் பரவிவிடுகிறது. நன்கு வளர்ந்த நாயின் தடமும் சிறுத்தையின் தடமும் ஏறத்தாழ 7, 8 சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்றையொன்று நெருங்குவதால், பருமனை மட்டும் கொண்டு முடிவுகட்டுவது பெரும்பாலும் பிழையாகவே முடிகிறது. நாயின் தடத்தில் நகக்குறி விழும், சிறுத்தையின் தடத்தில் விழாது என்பது பலரும் அறிந்ததே. ஆயினும் இறுகிய தரையில் நாயின் நகம் பதியாமல் போவதும், வழுக்கும் சேற்றில் சிறுத்தை பிடிமானத்துக்காக நகத்தை நீட்டுவதும் உண்டு. அதனினும் நம்பத்தக்கது, விரல்களுக்குப் பின்னால் உடலின் எடையைத் தாங்கும் மெத்தென்ற பகுதியாகிய உள்ளங்கால் திண்டின் பின்விளிம்பாகும்; பூனைக்குடும்பத்து விலங்குகளில் அது மூன்று மடல்களாகப் பிரிந்து காணப்படும். நடுவிரல்கள் இரண்டில் ஒன்று மற்றதைவிடச் சற்றே முந்தி நிற்பதால், சிறுத்தையின் தடத்தில் இடக்கால், வலக்கால் என்றும் பிரித்தறிய முடியும். நாயின் தடமோ இரு பாதியும் ஒத்தது.

மற்றவை இவ்வளவு குழப்புவதில்லை. காட்டுப்பன்றியின் பிளவுண்ட குளம்புத் தடத்துக்குப் பின்னால், காலில் சற்று உயரத்தில் அமைந்த இரு சிறு குளம்புகளின் குறியும் பக்கவாட்டில் விழும். கரடியின் பின்னங்கால் தடம் மனிதப் பாதத்தை ஒத்துத் தோன்றி, முன்னால் உள்ள நகக்குறிகளால் ஐயம் நீக்கும்.

இவையனைத்திலும் வியப்புக்குரியது யானையின் தடம். வட்டமாகப் பதியும் முன்னங்கால் தடத்தின் சுற்றளவை ஒரு கயிற்றால் அளந்து இரட்டித்தால், அந்த யானையின் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். சுற்றளவு 120 சென்டிமீட்டராயின் உயரம் 2.4 மீட்டரை ஒட்டியிருக்கும். பின்னங்கால் நீள்வட்டமாகப் பதிவதால் அதற்கு இக்கணக்கு பொருந்தாது. இளகிய சேற்றில் விளிம்பு விரிந்துவிடுமாதலால் அங்கே அளப்பதிலும் பயனில்லை. யானை உண்மையில் விரல்நுனிகளை ஊன்றியே நிற்கிறது. குதிகாலின் அடியில் கொழுப்பும் நாரும் கலந்த தடித்த மெத்தை ஒன்று முட்டுக்கொடுக்கிறது. எடை இறங்கும்போது அகன்றும், கால் தூக்கப்படும்போது சுருங்கியும் அம்மெத்தை இயங்குவதால், அத்தனை பெரிய உடல் சேற்றிலிருந்து காலை எளிதில் உருவிக்கொள்கிறது, சருகுகளின்மீதும் ஓசையின்றி நடக்கிறது. மெத்தைக்குள் விரல்போல நீண்டிருக்கும் ஓர் உறுப்பு வெறும் குருத்தெலும்பு எனக் கருதப்பட்டு வந்தது; அது எலும்பாக மாறி ஆறாவது விரலைப்போல எடை தாங்குகிறது என்பதை 2011-இல் ஆய்வாளர் ஜான் ஹட்சின்சனின் குழுவினர் விளக்கினர். உள்ளங்காலின் வெடிப்புக்கோடுகள் யானைக்கு யானை வேறுபடுவதால், புழுதியில் தெளிவாக விழுந்த தடத்தைக் கொண்டு, முந்தைய இரவு வந்த யானைதான் மீண்டும் வந்ததா என்பதைப் பழகிய கண் சொல்லிவிடும்.

புலிக்கு இதே முறையைப் பெரிய அளவில் பயன்படுத்த முயன்றதுதான் இந்தியாவின் தடக்கணக்கெடுப்பு. 1966-இல் ஒடிசாவின் வன அதிகாரி எஸ். ஆர். சௌத்ரி உருவாக்கிய முறைப்படி, கண்ணாடித் தகட்டின்மேல் தடத்தை வரைந்து ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் காணலாம் என்று கொள்ளப்பட்டது. 1972-இன் நாடு தழுவிய கணக்கெடுப்பு 1,827 புலிகள் என்றது. ஒரே புலியின் கால் மணலில் ஒருவாறும் களிமண்ணில் வேறுவாறும் பதியும் என்பதும், வரைபவரின் கைக்கேற்பக் கோடு மாறும் என்பதும் போதிய அளவு கருதப்படவில்லை. கணக்கேடுகளில் புலிகள் நடமாடிய ராஜஸ்தானின் சரிஸ்காவில் உண்மையில் ஒன்றுகூட எஞ்சவில்லை என்பது 2005-இல் வெளிப்பட்டது. அதன்பின் தானியங்கிப் படக்கருவிகள் பதியும் உடல்வரிகளைத் துணைகொண்ட 2006-இன் மதிப்பீடு 1,411 என்று கூறியது. தடத்தால் சொல்ல இயலாததை அதனிடம் கேட்டதே குற்றம். இன்ன விலங்கு இவ்வழியே சென்றது என்பதற்கு இன்றும் அதைவிட மலிவான சான்று இல்லை.

அச்சான்றைப் படிக்கத் தெரிந்தவர்களை நாடு நடத்தும் விதம் பெருமைக்குரியதன்று. மண்ணில் விழுந்த மெல்லிய கோட்டைக் கொண்டே பாம்பைத் தேடிப் பிடிக்கும் இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-இல் மலைப்பாம்புகளைப் பிடிக்க ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். 2023-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றனர். ஆனால் அத்தகைய அறிவுடைய மலைமக்கள் பலர் வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களாகத் தற்காலிகப் பணியிலேயே காலம் கழிக்கின்றனர். ஊரிலோ, அவர்கள் வந்து பார்ப்பதற்கு முன்பே கைப்பேசியுடன் கூடும் கூட்டம் தடத்தை மிதித்து அழித்துவிடுகிறது.

தோட்டத்தில் தடம் கண்டவர் செய்யக்கூடியது எளிது. தெளிவான தடம் ஒன்றின் அருகே தீப்பெட்டியையோ அளவுகோலையோ வைத்து, நேர் மேலிருந்து படமெடுத்துக்கொண்டு, கூடையொன்றைக் கவிழ்த்து மூடிவைக்கலாம். தடவரிசையைத் தொடர்ந்து பார்ப்பதாயின், விலங்கு சென்ற திசையை விடுத்து அது வந்த திசையில், வெளிச்சம் நன்கு பரவிய பின்னர் செல்வதே பாதுகாப்பானது. வேலியில் எந்த இடத்தில் நுழைந்தது என்பதும் அப்பக்கத்தில்தான் தெரியவரும்.